கொட்டுக்கச்சிய ஆட்டின் பால்

புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனைவரை நீளும் மணற்பிரதேசத்தில், தென்னந்தோப்பின் நிழலிலும் மீனவர் குடியிருப்புகளின் வேலியோரத்திலும் குழை கடித்து நிற்கும் ஆடுகள், ஹஜ்ஜுப் பெருநாளுக்கோ குடும்பத்தின் அவசரச் செலவுக்கோ விலைப்படும் இறைச்சியாகவே பெரும்பாலும் மதிக்கப்படுவது எனக்கு மிகுந்த வருத்தந் தரும் விஷயமாகும். இம்மாவட்டத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையிலே, நாட்டாட்டோடு இந்தியாவின் ஜமுனாபாரியைக் கலந்து உருவாக்கி, அவ்வூரின் பெயராலேயே வழங்கும் இனமொன்று நமக்கு உண்டு. ஜமுனாபாரியோ கறவைக்குப் பிரசித்தி பெற்ற ஜாதி.

பாலின் அளவு தீனிக்கேற்ப ஏறியிறங்கும். அதிலடங்கிய புரதத்தின் விகிதமோ அதனினும் அதிகமாகப் பிறப்பைப் பொறுத்தது. பாலிலுள்ள கேசீன் என்னும் புரதங்களை ஆக்கும் நான்கு மரபணுக்கள் வெள்ளாடு, செம்மறி, பசு ஆகிய மூன்றிலும் ஆறாவது நிறமூர்த்தத்தில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அவற்றுள் ஆல்பா-எஸ்-1 கேசீனுக்குரியது வெள்ளாட்டில் வியக்கத்தக்க வேறுபாடு உடையது: வலிய வகையின் ஒரு பிரதி லீற்றருக்கு ஏறத்தாழ 3.6 கிராம் புரதம் தருகையில், ‘எஃப்’ என்னும் வகை 0.6 கிராமே தருகிறது. சில ஆடுகளின் பாலில் அப்புரதம் அறவே இல்லை. 1980களில் இதனை ஆராய்ந்த பிரெஞ்சு விஞ்ஞானிகள், தங்கள் நாட்டுச் சானன், அல்பைன் ஆடுகளிடையே மெலிந்த வகைகள் மலிந்திருக்கக் கண்டு, பாலாடைக்கட்டியின் விளைச்சலும் உறுதியும் அதனாற் பாதிக்கப்படுவதை உணர்ந்து, கிடாய்த் தெரிவில் அம்மரபணுவையும் கவனத்திற் கொள்ளலாயினர். ஜமுனாபாரி உள்ளிட்ட இந்திய ஆடுகளிலோ வலிய வகைகளே மிகுந்திருப்பதாக அந்நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன.

ஜமுனாபாரியின் வழியே நம் ஆட்டுக்கும் இச்செல்வம் வந்திருக்கக்கூடுமாதலால், அதனைப் பரிசோதியாமல், லீற்றர்க் கணக்கை மட்டும் நம்பி அந்நியக் கிடாய்களை நம் பட்டிகளில் விடுவது விவேகமன்று என்பதே என் திடமான அபிப்பிராயம். கறப்பதே அரிதான ஊரில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்பார்க்கு, தாயின் பாலைக் குடித்தே குட்டி நிறைகூடுகிறது என்பதையும், 2022இல் பால்மா கிடைக்காமல் தாய்மார் கடைகடையாக அலைந்ததையும் நினைவூட்ட விரும்புகிறேன்.

கிடாய் பால் தருவதில்லை. அதன் குணத்தை மகள்கள் கறக்கும்வரை காத்திருந்தே முன்னோர் அறிந்தனர். இன்றோ பிறந்த குட்டியின் ஒரு துளி இரத்தம் போதும். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களம், இனவிருத்திக்கு வழங்கும் ஒவ்வொரு கிடாயையும் இவ்வாறு சோதித்து, அதன் தாயின் பாலிலிருந்த கொழுப்பு, புரத விகிதங்களையும் எழுதிய பத்திரமொன்றை, வாங்குவோர் கையிற் கொடுத்தல் வேண்டும்.