தட்டுல செத்தா போதுமா?

மருந்துக்கு அடங்காத ஈ.கோலை கிருமியை நம்மூரு மூலிகை அழிச்சிடுச்சுன்னு அடிக்கடி ஒரு சேதி கண்ணுல படுது. உடனே நாலு பேரு அதை எடுத்துப்போட்டு, இங்கிலீஷ் மருந்து தோத்துப்போச்சுன்னு விசிலடிக்கறாங்க. மக்கா, ஒரு நிமிஷம். கிருமி செத்தது எங்கே?

கண்ணாடித் தட்டுல. அகார் மேல கிருமியைப் பூசி, சின்னதா குழி தோண்டி, எத்தனால்லயோ மெத்தனால்லயோ ஊறவெச்சு எடுத்த இலைச்சாறை ஊத்தறாங்க. மறுநாள் குழியைச் சுத்தி கிருமி வளராத ஒரு வட்டம். ஸ்கேல் வெச்சு அளந்தா 15 மி.மீ. அவ்ளோதான் மேட்டர். ப்ளீச்சிங் பவுடரைக் கரைச்சு ஊத்தினாலும் வட்டம் வரும். அதுக்காகக் குடிச்சிடுவீங்களா?

நல்ல ஆண்டிபயாடிக் ஒரு மில்லிக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே வேலை செய்யும். கச்சாச் சாறுக்குப் பெரும்பாலும் மில்லிகிராம் கணக்குல வேணும், அதாவது ஆயிரம் மடங்கு. குடிச்ச சாறு குடல், கல்லீரல் எல்லாம் தாண்டி மூத்திரப்பைக்கு எவ்ளோ போய்ச் சேரும்? அதை எவனும் எழுத மாட்டான்.

மூலிகையே வேஸ்ட்டுங்கறியான்னு சண்டைக்கு வராதீங்க. மலேரியா மருந்து ஆர்ட்டிமிசினின் செடியிலேர்ந்துதான் வந்துச்சு. 2015ல நோபல் வாங்கின தூ யூயூ, மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்து, 1972ல நோயாளிகளுக்குக் கொடுக்கறதுக்கு முன்னாடி தன் உடம்புலயே சோதிச்சுப் பார்த்தவங்க. தட்டோட நிறுத்தலை.

ஜெர்மனியில நீர்க்கடுப்பு வந்த பெண்களுக்கு உவா உர்சி இலைச்சாறு கொடுத்து நெசமாவே சோதிச்சாங்க. முடிவு 2021ல வந்துச்சு. ஆண்டிபயாடிக் தேவை குறைஞ்சது, சந்தோஷம். ஆனா வலியும் கடுப்பும் அதிகம், சிறுநீரகத்துக்குத் தொற்று ஏறினவங்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். கிரான்பெர்ரி? அடிக்கடி தொற்று வர்ற பெண்களுக்கு அது மறுபடி வர்றதைக் குறைக்கும்னு 2023 காக்ரேன் தொகுப்பு சொல்லுது. தடுக்கறது வேற, வந்ததைக் குணமாக்கறது வேற.

எனக்கு ஏன் இவ்ளோ கோபம்னா, எங்க சித்தி இந்த மாதிரி சேதியை நம்பி ஆறு நாள் கஷாயம் குடிச்சாங்க. ஏழாம் நாள் குளிர்ஜுரம், முதுகுவலி, ஐ.சி.யூ. முதல் நாளே மூத்திரத்தைக் கல்ச்சருக்குக் கொடுத்திருந்தா, எந்த மருந்து கேக்கும்னு ரெண்டு மூணு நாள்ல தெரிஞ்சிருக்கும். என்.டி.எம்-1 பத்தி 2010ல லான்செட் இன்ஃபெக்ஷியஸ் டிசீசஸ் பத்திரிகையில கட்டுரை வந்தப்ப, அதுல இருந்த கிருமிகள்ல ஒரு பங்கு நம்ம சென்னையில எடுத்தது. நிறைய மூத்திரத் தொற்றுதான். இது எங்கேயோ அமெரிக்கா சமாச்சாரம் இல்லீங்க.

'பக்கவிளைவே கிடையாது'ன்னு சொல்றவங்களுக்கு ஒரே வார்த்தை: ஆடுதின்னாப்பாளை. அதுல இருக்கற அரிஸ்டோலோகிக் அமிலம் கிட்னியையே காலி பண்ணும், மூத்திரப்பாதையில புத்துநோயும் கொண்டுவரும்.

டிஸ்கி: எங்க பாட்டி நெருஞ்சில் கஷாயத்துலயே சரியானாங்கன்னு பின்னூட்டம் போடப்போறவங்க, பாட்டியோட கல்ச்சர் ரிப்போர்ட்டையும் சேர்த்துப் போடவும் :)