சொல்லிவிட்டால் போதுமா?

என் மகள் கம்ப்யூட்டர் படித்தவள். சென்ற தீபாவளிக்கு ஹைதராபாத் வந்தபோது எனக்கொரு புதிர் போட்டாள். ஒரே சேனையின் தளபதிகள் இருவர், எதிரெதிர் மலைகளில். சேர்ந்து தாக்கினால்தான் வெற்றி. இடையே எதிரியின் பள்ளத்தாக்கு, தூதன் பிடிபடலாம். "விடியலில் தாக்குவோம்" என்ற செய்தி சேர்ந்ததா என்று அனுப்பியவருக்குத் தெரியாது. பதில் வந்தாலும், அது வந்து சேர்ந்தது மற்றவருக்குத் தெரியாது. எத்தனை தூதர் நடந்தாலும் இருவருக்கும் முழு நிச்சயம் பிறக்காது என்று 1980களில் ஹால்பெர்ன், மோசஸ் என்ற அறிஞர்கள் தர்க்கமுறையில் நிறுவினார்களாம்.

"இது எங்கள் லெவல் கிராசிங் சமாசாரம் அம்மா" என்றேன்.

வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்வார். கேட்காரர் கேட்டை மூடிப் பூட்டிவிட்டுத் தன் தாளிலிருந்து ஒரு பிரைவேட் நம்பர் சொல்வார். நம்பர்கள் வரிசையாக இரா. சொன்னதை அடித்துவிட வேண்டும். இருவரும் எழுதிக்கொள்ள வேண்டும். "சரி சார்" என்பதைத் தூக்கத்திலும் சொல்லலாம். நம்பரைத் தாளைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நடுவில் போன் அறுந்தால்? நம்பர் வராமல் சிக்னல் கொடுக்க மாட்டார். கேட் மூடியே கிடக்கும், லாரிக்காரர் திட்டுவார், அவ்வளவே. முழு நிச்சயம் கிட்டாது என்று ஒப்புக்கொண்டு, சந்தேகம் வந்தால் வண்டி நிற்கும்படி வகுத்த திட்டம் இது.

இப்போது கவச் வந்திருக்கிறது. நம் தென் மத்திய ரயில்வேயில்தான் சோதித்தார்கள். 2022 மார்ச் 4 அன்று குல்லகூடா–சிட்கிட்டா இடையே, முன்னால் ஒரு இன்ஜின் இருக்க, பின்னால் வந்ததை 380 மீட்டருக்கு முன்பே தானாக நிறுத்தியது. மகிழ்ச்சிதான். ஆனால் கவசும் சிக்னல் சர்க்யூட் சொல்வதைத்தான் நம்பும்.

2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹாநகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு மெயின் லைன் பச்சை. பாயின்ட் திரும்பியிருந்ததோ சரக்கு வண்டி நின்ற லூப் லைனுக்கு. வயரிங் பிழை. அதே கரக்பூர் கோட்டத்தில், பாங்க்ரா நயாபாஜ் ஸ்டேஷனில், 2022 மே 16 அன்றே தவறான வயரிங்கால் இத்தகைய சம்பவம் நடந்ததைப் பாதுகாப்பு ஆணையர் அறிக்கை சுட்டியது. ஓரிடத்தில் தெரிந்தது அடுத்த இடத்துக்குத் தெரியவில்லை.

சுற்றறிக்கை அனுப்பினால் தெரிந்துவிடும் என்பார்கள். சிக்னல் பிரிவில் நான் கையெழுத்திட்டுக் கோப்பில் சேர்த்தவை எத்தனையோ. எல்லாவற்றையும் படித்தேன் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஸ்டேஷனில் பிழை கண்டால், மற்ற ஒவ்வொரு ஸ்டேஷனின் பொறுப்பாளரும் தன் வயரிங்கைச் சோதித்து, கேட்காரரைப் போலவே நம்பர் சொல்லிப் பதில் தரவேண்டும். கடைசி நம்பர் வரும்வரை அந்தக் கோப்பை மூடக் கூடாது.