புரோக்கரைக் கூட்டினால் பத்திரமா?

"இன்னொரு புரோக்கரையும் போட்டு நெட்வேர்க் பண்ணிட்டா மெசேஜ் தொலையவே தொலையாது சேர்." ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிப்பு முடித்து வருகிற பிள்ளைகளும் இதைச் சொல்கிறார்கள், கொழும்பில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர்களும் சொல்கிறார்கள். எங்கள் தொழிலில் இவ்வளவு பரவலாகவும் இவ்வளவு ஆதாரமில்லாமலும் புழங்குகிற நம்பிக்கை வேறில்லை.

புரோக்கர் என்பது ஒரு புரோகிராம் தரும் மெசேஜை வாங்கி வைத்து மற்றதற்குக் கொடுக்கும் மென்பொருள். அப்படியொன்றான அப்பாச்சி அக்டிவ்எம்கியூவையே எடுத்துக்கொள்வோம். கல்முனையில் ஒரு புரோக்கர், கொழும்பில் ஒரு புரோக்கர், நடுவில் இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எடுக்கும்வரை வரிசையில் காத்திருக்கும் கியூவில் போட்ட மெசேஜ் இரண்டு இடத்திலும் பிரதியாக இருக்கிறது என்றுதான் பலருடைய எண்ணம். அப்படியில்லை. அது ஒரு நேரத்தில் ஒரு புரோக்கரில்தான் இருக்கும். கொழும்பில் வாங்க ஆளிருந்தால் கல்முனை அதைக் கைமாற்றிவிட்டுத் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு கொழும்புச் சேர்வர் படுத்தால் மெசேஜும் அங்கேயே படுத்திருக்கும். ஒரு புரோக்கர் விழுந்தாலும் மெசேஜ் கிடைக்க வேண்டுமென்பவர் மாஸ்டர்-ஸ்லேவ் ஏற்பாட்டுக்குப் போக வேண்டும். புரோக்கர்களை இணைப்பதால் ஒரு நன்மை உண்டு, மறுக்கவில்லை: நடுவில் லைன் அறுந்தால் மெசேஜ் இந்தப் பக்கம் காத்திருந்து பிறகு போகும். அதற்கு மேல் எதையும் அது வாக்குத் தரவில்லை.

இந்த நம்பிக்கையை ஊட்டி வளர்ப்பது கொன்சோல் திரைதான். கல்முனைப் புரோக்கரின் திரையில் குறித்த கியூவுக்கு நேரே வாங்குபவர் ஒன்று என்றிருக்கும், வெளியேறிய மெசேஜ்களின் எண் ஏறிக்கொண்டேயிருக்கும். "பாருங்க சேர், எல்லாம் போகுது." போகிறதுதான். ஆனால் அந்த 'ஒன்று' கொழும்புக்கு இழுத்த இணைப்பேதான். பாலத்தைக் கடந்ததைத்தான் அது எண்ணுகிறது. மெசேஜை எதிர்பார்த்திருக்கும் புரோகிராம் அதை எடுத்ததா என்பதற்கு அந்த எண்ணில் பதில் கிடையாது.

இனி, அந்தப் புரோகிராம் கொழும்போடு தொடர்பு அறுந்து கல்முனைப் புரோக்கரில் வந்து ஒட்டிக்கொள்கிறது என்று வையுங்கள். ஃபெயில்ஓவர் போட்டிருந்தால் இது தானாகவே நடக்கும். ஏற்கெனவே கொழும்புக்குப் போன மெசேஜ்கள் பின்னால் திரும்பி வருமா? வராது. தான் கடந்துவந்த புரோக்கருக்கு மெசேஜ் திரும்பக்கூடாது என்பது வழக்கமான விதி, இல்லாவிட்டால் அது வட்டமடித்துக்கொண்டேயிருக்கும். துருசைத் திறந்து வட்டைக்குள் விட்ட தண்ணீர் மறுபடி இறக்காமம் குளத்துக்கு ஏறாது என்பது எங்கள் வட்ட விதானைமாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாங்க ஆளில்லாதபோது திருப்பி அனுப்ப அக்டிவ்எம்கியூவில் தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது. நாமாகப் போய் அதைத் திறந்துவிட வேண்டும், பலர் அப்படியொன்று இருப்பதையே அறியமாட்டார்கள். அவர்களுக்குத் தெரிந்த மருந்து ரீஸ்டார்ட். கல்முனையை அணைத்ததும் புரோகிராம் கொழும்புக்கு ஓடுகிறது, தேங்கியிருந்தவை கரைகின்றன, புண்ணியம் ரீஸ்டார்ட்டுக்குப் போய்விடுகிறது. அடுத்த கிழமை அதே கூத்து.

கேட்கும் எல்லோருக்கும் ஒரே மெசேஜை அனுப்புகிற டொபிக் விஷயம் இதைவிட மோசம். கியூவில் ஆளில்லாவிட்டால் மெசேஜ் தேங்கியாவது கிடக்கும். டொபிக்கில், நிலையான சந்தா வைத்திருப்பவர் இல்லையென்றால், அந்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தவருக்கு மட்டும்தான். மற்றவருக்கு அது நடக்கவேயில்லை. பக்கத்துப் புரோக்கரில் யாரும் கேட்கவில்லை என்றால் இணைப்பு அதை அனுப்பக்கூட மாட்டாது.

இந்தக் கரையில் இருப்பவருக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. 2004 டிசம்பர் 26 அன்று, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தது. ஹவாயிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் 15 நிமிடத்தில் முதல் அறிவித்தலை விட்டது, பசிபிக்குக்கு ஆபத்தில்லை என்று. 8.04க்கு வந்த இரண்டாவது அறிவித்தல், அதிர்வு மையத்துக்குக் கிட்ட சுனாமி வரக்கூடும் என்றது. கல்முனைக் கரையைக் கடல் அடிக்க அப்போது இன்னும் நேரம் இருந்தது. ஆனால் அந்த அறிவித்தல் போன பட்டியல் பசிபிக் நாடுகளுக்காகப் போடப்பட்டது, இலங்கை அதில் இல்லை. அனுப்பியவர் பக்கத்தில் அனுப்பியாயிற்று. நாட்டிலேயே அதிகம் பேர் மாண்ட மாவட்டம் அம்பாறை. ஹவாயில் இன்னும் நூறு கணினிகளை வாங்கி அடுக்கியிருந்தாலும் அந்தப் பட்டியலில் ஒரு பெயரும் கூடியிருக்காது.

மூன்றாவது புரோக்கரைச் சேர்க்கச் சொல்கிறவர்கள் இதையும் பார்க்கட்டும். இறக்காமம், கல்முனை, கொழும்பு என்று வரிசையாகக் கோத்தால், எதையும் மாற்றாத அக்டிவ்எம்கியூவில் இணைப்பு எட்டும் தூரம் ஒரே ஒரு தாவல். கொழும்பில் ஒருவர் காத்திருப்பது இறக்காமத்துக்குத் தெரியவே வராது. கியூ என்றால் இங்கே குவியும், டொபிக் என்றால் காற்றோடு போகும். அந்தத் தூரத்தைக் கூட்டி, சுற்றுவழியும் வைத்தால் ஒரே அறிவித்தல் இரண்டு தரம் வந்து நிற்கிற தலையிடி வேறு.

ஆகவே இன்னொரு சேர்வருக்குக் காசு கேட்டுக் கடிதம் வந்தால் மேலதிகாரி கையெழுத்து வைக்குமுன் ஒன்றைக் கேட்கட்டும்: மெசேஜ் தொலைந்ததாகச் சொல்லும் அந்த நேரத்தில், இணைப்புகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், எந்தப் புரோக்கரில் எத்தனை பேர் வாங்கிக்கொண்டிருந்தார்கள்? அந்த எண்ணை எழுதிய ஒரு கடிதத்தையும் நான் இதுவரை பார்க்கவில்லை.