கட்டடத்துக்குள் நீலப்புள்ளி ஏன் தடுமாறுகிறது?

விமானம் கிளம்ப இன்னும் 20 நிமிடம்தான். கேட் எந்தப் பக்கம் என்று தெரியாத பயணி மொபைல் மேப்பைத் திறக்கிறார். நீலப்புள்ளியோ ஓடுபாதை நடுவே நிற்கிறது!

தவறு மொபைல் மீது இல்லை. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் மெல்லிய சிக்னல், கான்கிரீட் கூரையைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும்.

அதனால்தான் லண்டன் அருகே உள்ள கேட்விக் விமான நிலையம், 2017-ல் தன் இரண்டு முனையங்களிலும் சுமார் 2,000 புளூடூத் பீக்கன்களைப் பொருத்தியது. பேட்டரியில் இயங்கும் சின்னஞ்சிறு கருவிகள். மொபைல் அவற்றின் சிக்னலைப் பிடித்து, பயணி நிற்கும் இடத்தைச் சுமார் 3 மீட்டர் துல்லியத்தில் காட்டியது.

நிறைய மாட்டினால் போதுமா? அங்கேதான் சிக்கல். நீண்ட நடைபாதையில் எல்லாவற்றையும் ஒரே கோட்டில் வைத்தால், அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் நிற்பவருக்கும் வலப்பக்கம் நிற்பவருக்கும் தூரம் ஒன்றுபோலவே இருக்கும். ஆள் எந்தப் பக்கம் என்று கணக்கு சொல்லாது. அதனால் இரு சுவர்களிலும் மாற்றி மாற்றி வைப்பது நல்லது. எல்லாமே ஒரே உயரத்தில் இருந்தால், மாடிப்படியில் ஏறுபவர் எந்தத் தளத்தில் இருக்கிறார் என்பதிலும் குழப்பம்தான்.

அடுத்த எதிரி இரும்பு. லிஃப்ட் கதவு, பெரிய விளம்பரப் பலகை போன்றவற்றில் பட்டுத் திரும்பும் அலை சுற்றிக்கொண்டு வரும். நேரத்தை அளந்து தூரம் கணக்கிடும் யு.டபிள்யூ.பி. முறையில் (ஐபோன் 11-ல் 2019-லேயே வந்துவிட்டது) இது பெரிய தலைவலி. ரேடியோ அலை ஒரு நானோ விநாடியில் 30 செ.மீ. போய்விடும். 10 நானோ விநாடி பிசகினால் 3 மீட்டர் போச்சு!

மூன்றாவது எதிரி, சாட்சாத் நாம்தான். மனித உடலில் பாதிக்கு மேல் தண்ணீர். புளூடூத் அலையை அது விழுங்கிவிடும். பயணி முதுகைத் திருப்பினாலே சிக்னல் குறைந்து, பக்கத்தில் இருக்கும் பீக்கன் தூரத்தில் இருப்பதாக மொபைல் நினைத்துக்கொள்ளும். அதனால் இவற்றை ஆள் தலைக்கு மேலே மாட்டுகிறார்கள். ஆளில்லாத நள்ளிரவில் சோதித்து 'ஓகே' சொன்னால், காலைக் கூட்டத்தில் காலை வாரிவிடும்.

கேட்விக்கில் பீக்கன்களை மாட்டி முடிக்க 3 வாரம் ஆனது. சோதித்துச் சரிசெய்ய 2 மாதம்! அதோடு வேலை முடியவில்லை, பேட்டரி தீரத் தீர மாற்ற வேண்டுமே.