எம்.எஸ்.டபிள்யூ. முடித்தால் மாதம் என்ன வரும்?

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப் பணியாளருக்கு மாதத் தொகுப்பூதியம் 18,536 ரூபாய். ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்துக்கு 2022-இல் வந்த வழிகாட்டு நெறிமுறையில் உள்ள தொகை இது. ஆண்டுக்கு 2,22,432 ரூபாய். அதுவும் ஒப்பந்தப் பணிதான். முடிந்ததும் நீட்டிப்பு வருமா என்று காத்திருக்க வேண்டும். சமூகப் பணி படித்தால் குடும்பம் தலை நிமிருமா என்று கேட்பவர்களிடம் முதலில் இந்தத் தொகையைத்தான் சொல்கிறேன்.

அந்த வேலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால்தான் இது எவ்வளவு குறைவு என்பது உறைக்கும். இளைஞர் நீதிச் சட்டப்படி, பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தை பற்றிய சமூக விசாரணையை 15 நாள்களுக்குள் முடிக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அப்பா குடிக்கிறாரா, பாட்டியால் எவ்வளவு காலம் பார்த்துக்கொள்ள முடியும், பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா, அக்கம்பக்கத்தார் ஏன் வாய் திறக்க மறுக்கிறார்கள் என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பிள்ளையை வீட்டுக்கு அனுப்புவதா, இல்லத்தில் வைப்பதா என்று குழந்தைகள் நலக்குழு முடிவெடுக்கும். விடிந்தால் முகூர்த்தம், பெண்ணுக்குப் பதினைந்து வயது என்று இரவு பத்து மணிக்கு குழந்தைகள் உதவி எண் 1098-இல் தகவல் வந்தால் அப்போதே கிளம்பியாக வேண்டும். கல்யாண வீட்டில் மொத்தச் சொந்தமும் சூழ்ந்து நிற்க, நடுவில் நின்று பேச வேண்டும். இதற்கு நெஞ்சுரம் மட்டும் போதாது, பயிற்சி வேண்டும்.

மதுரையில் என்னோடு எம்.எஸ்.டபிள்யூ. படித்தவர்களில் இன்று வீடு கட்டிக் கடனையும் அடைத்தவர்கள் பெரும்பாலும் மனிதவளப் பிரிவை எடுத்தவர்கள்தான். இது அதிர்ஷ்டத்தால் வந்ததல்ல. 500 தொழிலாளர்களோ அதற்கு மேலோ இருக்கும் ஆலையில் நல அலுவலர் கட்டாயம் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 49-ஆவது பிரிவு சொன்னது. அந்த வழியாகத்தான் எங்கள் படிப்புக்காரர்கள் கோவை மில்களுக்கும், பின்னால் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்கும் போனார்கள். ஆள் வேண்டும் என்று சட்டம் கேட்டது, நிர்வாகம் சம்பளம் கொடுத்தது. சமுதாய மேம்பாட்டை எடுத்த நாங்கள் தொண்டு நிறுவனங்களுக்குப் போனோம். 2006-இல் என் முதல் சம்பளம் 4,500 ரூபாய். இத்தனைக்கும் இரு தரப்புக்கும் பாடம் நடத்தியவர்கள் ஒரே பேராசிரியர்கள்தான்.

சின்னாளப்பட்டியில் தறி நெய்யும் ஒரு தாய் போன மாதம் என்னிடம் கேட்டார்: "ரெண்டு வருச ஃபீஸு, பஸ்ஸு, ரூரல் கேம்ப்புனு செலவு இழுக்குதே. முடிச்சா மாசம் என்ன வரும்க்கா?" அவருடைய கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஃபீல்ட் ஒர்க், மறுநாள் அதற்கு ரிப்போர்ட். மற்ற முதுகலை மாணவர்கள் மாலையில் கடைக்கோ டியூஷனுக்கோ போய்க் கைச்செலவுக்குச் சம்பாதிப்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அதற்கு நேரமே இருக்காது.

அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். மனிதவளம் என்றால் போட்ட பணம் திரும்பி வரும். மனநலத் துறை என்றால் எம்.எஸ்.டபிள்யூ.வோடு முடியாது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநலச் சமூகப் பணியாளருக்கு அதற்கு மேல் இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பையும் கேட்கிறது. அதுவரை வீடு தாங்க வேண்டும். குழந்தைகள், பெண்கள், கிராமம் என்று பிள்ளை ஆசைப்பட்டால், அரசுக் கல்லூரியிலோ உதவிபெறும் பிரிவிலோ இடம் கிடைத்தால் தைரியமாகச் சேருங்கள். சுயநிதிப் பிரிவுக்கு வட்டிக்கு வாங்கிக் கட்ட வேண்டாம். 18,536 ரூபாயில் வாடகையும் பேருந்தும் போக, வங்கித் தவணைக்கு மிச்சம் நிற்காது.

இப்படிச் சொல்ல எனக்கு வலிக்கிறது. இந்த வேலைக்குத் தறிக்காரர் வீட்டுப் பெண்தான் வேண்டும். கந்துவட்டியும் குடியும் ஒரு வீட்டை எப்படிக் கரைக்கும் என்பது அவளுக்குப் புத்தகம் படித்துத் தெரிய வேண்டியதில்லை.

சேவைக்கு எதற்குப் பெரிய சம்பளம் என்று இன்னமும் கேட்கிறார்கள். நல்ல மனம் மட்டும் போதும் என்றால் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் சென்னையில் சமூகப் பணிப் பள்ளி தொடங்கியிருக்க வேண்டிய தேவையே இல்லை. தொண்டு நிறுவனங்களின் கையும் இப்போது கட்டப்பட்டிருக்கிறது. வெளிநாட்டு நிதியில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த அனுமதியை 2020-இல் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். பணிகளை நிர்வகிக்க அமர்த்தும் ஆள்களின் சம்பளம் அந்த 20-க்குள் அடங்க வேண்டும். அனுபவசாலியை அனுப்பிவிட்டுப் புதிதாக வந்தவரை வைத்துக்கொள்ளும் நிலைமைக்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே கல்லூரியைவிட அரசைத்தான் நான் அதிகம் கேட்க வேண்டியிருக்கிறது. மிஷன் வாத்சல்யாவில் ஒன்றியம் 60, மாநிலம் 40 என்று பங்கு. ஒன்றியம் அசையவில்லை என்றால், தன் பங்குக்கு மேல் மாநிலம் ஆண்டுதோறும் ஊதிய உயர்வு தரட்டும். பத்தாண்டு ஒப்பந்தத்தில் இருப்பவரைக் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவரட்டும். குழந்தையின் வீட்டுக்குப் போய்வரும் பயணப்படியை அந்தந்த மாதமே கொடுக்கட்டும்.

பெற்றோருக்கு ஒன்று. சேர்க்கைக்குப் போகும்போது துறைத்தலைவரிடம் கேளுங்கள்: சமுதாய மேம்பாட்டை எடுத்து முடித்தவர்களில் எத்தனை பேர் இன்று அந்த வேலையில் இருக்கிறார்கள்? கையில் எவ்வளவு வாங்குகிறார்கள்? ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கு? இதை எழுத்தில் தரத் தயங்கும் கல்லூரிக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள்.