குடிபுகுந்தோர் பக்கம்: வேங்கட மலையடியில் முதல் ஆண்டு



அயல்நாடு சென்றோர் தம் முதல் நாட்களைக் கூறும் இப்பகுதியில் சித்தூரையும் திருப்பதியையும் பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைவிக்கலாம். வேலூரில் பேருந்து ஏறினால் சற்று நேரத்தில் சென்று சேரும் ஊர் அயல்நாடாமோ என வினவுவர். நாமும் அவ்வாறே எண்ணித்தான் தட்டுமுட்டுச் சாமான்களுடன் சித்தூரில் குடிபுகுந்தோம். கடல் கடந்து செல்வோர் அயன்மையை எதிர்பார்த்துச் செல்கின்றனர். நாமோ எதிர்பாராத இடத்தில் அதனை எதிர்கொண்டோம்.

முதல் வாரத்திலேயே அது நேர்ந்தது. புத்தூர் செல்ல வேண்டிப் பேருந்து நிலையத்தில் நின்றோம். பலகைகள் யாவும் தெலுங்கில் இருந்தன. 'ப' என்னும் எழுத்தை மட்டும் பக்கத்து வீட்டுச் சிறுவன் கற்பித்திருந்தான். அவ்வெழுத்தில் தொடங்கிய பலகையைக் கண்டு, பெருமிதத்தோடு குடும்பமாக ஏறி அமர்ந்தோம். வண்டி பலமனேர் செல்வது! பங்காருபாளையத்தில் இறங்கி, வெயிலில் நின்று, வந்த வழியே திரும்பினோம். நாற்பது ஆண்டுகள் நாள்தோறும் செய்தித்தாள் படித்த நம் அன்னையார், "இந்த வயதில் என்னை எழுத்தறியாதவளாக்கி விட்டாயே" என்றார். அச்சொல் நெடுநாள் நெஞ்சில் தைத்துக் கிடந்தது.

பேச்சோ வேறு வகை. கடைக்காரர் "செப்பண்டி" என்றபோது நாம் வியந்தோம். செப்புதல் என்பதை நாம் செய்யுளிற் கண்டதன்றி வாயால் வழங்கியதில்லை. இங்கே அது தெருவில் நடமாடுகிறது. வீட்டை 'இல்லு' என்கின்றனர், கடையை 'அங்கடி' என்கின்றனர். நம் புலவர் நூல்களில் உறங்கும் சொற்கள் இவர்தம் சந்தையில் விழித்திருக்கின்றன. ஆனால் தயிருக்குப் 'பெருகு' என்று பெயர். பால்காரப் பெண்மணி நாள்தோறும் "பெருகு, பெருகு" என்று கூவிச் சென்றதை வாழ்த்தென்றே சில நாள் கருதியிருந்தோம்!

பழைய தமிழ்க் குடிகள் இங்கே பலர் உளர். அவர்கள் வந்தேறியவர் அல்லர். 1911இல் வட ஆர்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது அதனுடன் சென்றது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இவ்வரலாற்றின் பயனாக, சித்தூர்க் கடைவீதியில் நாம் தெலுங்கில் இரண்டு சொல் தடுமாறுமுன்னரே எதிரிலிருப்பவர் தமிழுக்கு மாறிவிடுகிறார். அன்பின் செயலே அது. எனினும் புதியவர்க்கு அதுவே பகை. ஆறு திங்கள் அந்நிழலில் இருந்துவிட்டு, ஒரு சொல்லும் கல்லாமல், அலுவல் மாற்றத்தால் திருப்பதி சென்றோம்.

திருப்பதியில் தமிழ் காதில் விழாத நாளில்லை. மார்கழியில் மலைக்கோயிலில் சுப்ரபாதத்துக்கு மாற்றாகத் திருப்பாவை ஒலிக்கிறது. கோயிற் கல்வெட்டுகளுள் பெரும்பாலானவை தமிழே. ஆயினும் பள்ளியிலிருந்து வரும் அறிவிப்பில் தமிழ் இல்லை.

அப்பள்ளியிற்றான் நாம் உண்மையாகவே கலங்கினோம். மகனைச் சேர்க்கச் சென்றபோது, எழுத்தர் 'இண்டி பேரு' யாதென வினவினார். தெலுங்கர் பெயருக்கு முன்னே குடிப்பெயர் நிற்கும். நமக்கோ தந்தை பெயரின் முதலெழுத்து நிற்கும். நமக்கு வீட்டுப் பெயர் இல்லையென விளக்கத் தெலுங்கும் இல்லை. அவர் நல்லெண்ணத்துடன் நம் பெயரையே குடிப்பெயராக்கி எழுதிக்கொண்டார். ஆதார் அட்டையில் ஒரு விதம், பள்ளிப் பதிவேட்டில் வேறு விதம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சேறிய பெயரே பின்னர்க் கல்லூரிக்கும் அலுவலுக்கும் அடிப்படை என்று ஒரு நண்பர் எடுத்துரைத்த பின்னரே விழித்தோம். மூன்று முறை அலைந்து, தேர்வுப் பட்டியல் செல்லுமுன் திருத்தினோம். புதிதாக வரும் குடும்பத்தினர் பள்ளியில் சேர்க்கும் நாளிலேயே பதிவேட்டில் எழுதியதை ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்து கேட்டுக்கொள்க. முதலெழுத்தை விரித்தெழுதுவதாயின் எல்லாத் தாள்களிலும் ஒரே வகையாக எழுதுக.

மகனுக்கு வேறு தொல்லை. நமக்கு ஒரே ககரம், அவர்க்கு நான்கு. சொல்வதெழுதுதலில் முதற்பருவம் முழுதும் சிவப்பு மையே கண்டான். இப்போது அவன் தெலுங்கை விரைந்து எழுதுகிறான், தமிழில்தான் எழுத்துக்கூட்டுகிறான். ஆகவே மாலைதோறும் அன்னையார் அவனுக்குத் தமிழ் கற்பிக்க, அவன் அவருக்குத் தெலுங்கு கற்பிக்கிறான். இருவருள் பொறுமை மிக்கவன் அவனே எனச் சொல்ல வேண்டும்.

உகாதிக்குப் பள்ளி விடுமுறை. நம் சித்திரை முதல் நாளுக்கு விடுமுறை இராதே என வருந்தினோம். அந்நாள் ஏப்ரல் 14இல் வந்தமையால் அம்பேத்கர் பிறந்தநாள் விடுமுறை நம்மைக் காத்தது!

திருப்பதிக் கடைகளில் தமிழ் பேசினால் யாத்திரிகர் என்றே கொள்வர். விலையும் அதற்கேற்ப இருப்பதுண்டு. "கொண்டகா?" என்பர், மலைக்கோ என்று. சென்ற வாரம் கத்தரிக்காய் வாங்கச் சென்ற அன்னையார், பேரன் சொல்லிக்கொடுத்தபடி, "காது, மேமு இக்கடே உண்டாமு" என்று நிறுத்தி நிறுத்திக் கூறினார். மலைக்கு அன்று, நாங்கள் இவ்விடத்தவரே என்பது பொருள். கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். பின்னர் நல்ல தமிழில், "அப்படியா அம்மா, எந்தத் தெரு?" என்று கேட்டார்.