கூரைக்குச் சுண்ணாம்பு கேட்பதும் அரசியல்தான்

வெயில் எல்லாருக்கும் பொது என்று சொல்கிறவர்கள் ஒருமுறை 1930-ஆம் ஆண்டின் ராமநாதபுரம் மாவட்டத்துக்குப் போய்வர வேண்டும். அங்கே ஆதிக்க சாதியார் தலித்துகளுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஜே.எச். ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் அவற்றைப் பதிவு செய்திருக்கிறார். நகை போடக் கூடாது, முழங்காலுக்குக் கீழே துணி இறங்கக் கூடாது என்று போகிற அந்த வரிசையில் ஒன்று: வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. இதை இதுவரை அவமானத்தின் கணக்கில் மட்டுமே எழுதிவந்திருக்கிறோம். உடம்பின் கணக்கிலும் எழுத வேண்டும். இவன் உச்சந்தலையும் உள்ளங்காலும் வேகட்டும் என்று திட்டமிட்டு விதித்த சமூகம் இது.

அந்தக் குடைத் தடையின் இன்றைய பெயர் தொகுப்பு வீடு.

ஊருக்குள்ளே மாடி வீடு கட்டுகிறவர் கான்கிரீட் தளத்தோடு நிறுத்த மாட்டார். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளத்தின் மேல் போடுவார். அதன் மேல் தட்டோடு பதிப்பார். தண்ணியும் இறங்காது, சூடும் சட்டென்று இறங்காது. எங்கள் தெரு வீடுகளுக்கு நாலு அங்குலத் தளம், அதோடு சரி. மேல் வேலை ஏன் செய்யவில்லை என்று ஒப்பந்தக்காரரைக் கேட்டோம். "எஸ்டிமேட்லயே இல்லப்பா" என்றார். ஊரில் பாதி வீட்டுக்குத் தட்டோடு பதித்தவர்கள் எங்கள் தெரு ஆட்கள்தான். கை தெரியும், வேலை தெரியும். தன் தலைக்கு மேல் அது கிடையாது.

பகல் முழுக்கத் தளம் சூட்டைக் குடிக்கிறது. ராத்திரி கீழே படுத்திருக்கிறவர்கள் மேல் கக்குகிறது. எங்க ஆயா சொல்லும்: "பகல்ல வெயிலு வெளிய நிக்குது, ராத்திரி வூட்டுக்குள்ள வந்து படுத்துக்குது." கட்டட அறிவியல் பக்கம் பக்கமாகச் சொல்வது இதைத்தான். சாம்பல் நிறச் சிமெண்டு தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உள்ளே வாங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த நல்ல வெள்ளைப் பூச்சு முக்கால் பங்குக்கு மேல் வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். இந்திய நகரங்களில் இப்படிப் பூசிய வீடுகளுக்குள்ளே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும் என்கிறார்கள். சித்தாள் வேலைக்குப் போய்வந்த உடம்புக்கு அந்த 2 டிகிரி என்பது மூன்று மணி நேரத் தூக்கம்.

இதைச் சொன்னால் நம் தோழர்களில் சிலர் சிரிக்கிறார்கள். "நிலம் கேட்க வேண்டிய இயக்கம் பெயிண்ட் கேட்கலாமா? இது வெள்ளையடிக்கிற வேலை" என்கிறார்கள். வார்த்தை விளையாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கூரையும் நிலமும் என்றைக்குத் தோழர் தனித்தனியாக இருந்தன? மிராசுதார் மண்ணில் குடிசை போட்டவன் கல் சுவர் வைக்க முடியாது. எந்நேரமும் கிளப்பிவிடலாம் என்பதற்காகத்தான் கீத்துக் கூரை. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையிலேயே குடியிருக்கும் மனைகூட நம்முடையதாக இல்லை என்பது ஒரு முக்கியமான புகார். விவசாயக் கூலிகளுக்குக் குடியிருப்பு மனையில் உரிமை தர 1971-இல் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கூரையைப் பற்றிப் பேசுகிறவன் நிலத்தைப் பற்றித்தான் பேசுகிறான். நிலம் கிடைக்கும்வரை பிள்ளைகள் வேர்க்குருவோடு கிடக்கட்டும் என்று சொல்ல எந்தத் தத்துவத்துக்கும் உரிமை இல்லை.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. சூழல் ஆர்வலர்கள். மண் சுவரும் ஓலைக் கூரையும்தான் குளிர்ச்சி, கான்கிரீட் மோகத்தால் கெட்டீர்கள் என்று நமக்குப் பாடம் எடுக்கிறார்கள். ஓலை குளிர்ச்சிதான், யார் இல்லை என்றது? கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேரை உள்ளே வைத்து எரித்ததும் ஒரு குடிசையைத்தான். தர்மபுரியில் 2012 நவம்பர் 7 அன்று நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று இடங்களிலும் சேர்த்து 250-க்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடிக் கொளுத்தினார்கள். நாங்கள் கான்கிரீட் கேட்டது மோகத்தால் அல்லய்யா, தீக்குச்சிக்குப் பயந்து. நெருப்புக்குத் தப்பி வந்தவனை இப்போது வெயில் பிடித்துக்கொண்டது. தீப்பிடிக்காத கூரை, தீயாகச் சுடாத கூரை இரண்டையும் சேர்த்துக் கேட்கிறோம். பழைய குடிசையின் அழகை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஆள் பெயிண்ட் விற்கிறவர். வெப்பம் தடுக்கும் பெயிண்ட் அடித்தால் ஏசி ஓடுவது குறையும், கரண்டு பில் குறையும் என்று விளம்பரம் செய்கிறார். அவருடைய கணக்கில் நாம் வரவே மாட்டோம். இலவச மின்சாரத்துக்குள் அடங்கிவிடுகிற ஒரு ஃபேன், இரண்டு பல்பு வீட்டில் பில் எங்கே குறையும்? சிக்கனம் என்பதையே அவர்கள் மீட்டரில் அளக்கிறார்கள். நம் வீட்டில் அது தூக்கமாக, மாத்திரைச் செலவாக, மயக்கம் போட்டு இழந்த கூலியாக இருக்கிறது. அதற்கு யாரும் மீட்டர் வைக்கவில்லை.

எம்.ஏ. வகுப்பில் பாலைக்குத் தனி நிலம் கிடையாது என்று நடத்தினார்கள். வேறு நிலம் காய்ந்துபோனால் அதுவே பாலை, பொழுது வேனிலும் நண்பகலும். பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கினேன். ஆனால் பாலைக்கு நிரந்தர முகவரி உண்டு, ரேஷன் கார்டு உண்டு என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. மரமில்லாத புறம்போக்கு, நெருக்கிக் கட்டிய சுவர், ஒற்றை ஜன்னல், மொட்டைத் தளம். இந்தப் பாலையை மனிதர்கள் பிளான் போட்டுக் கட்டினார்கள்.

செய்ய முடியாத காரியமா இது? அகமதாபாத்தில் 2010 மே மாத வெப்பத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாகச் செத்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2013-இல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று செயல்திட்டம் போட்டது. 2017-இல் மூவாயிரம் கூரைகளுக்கு வெள்ளை பூசியது. தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்றே ஐந்தாண்டுக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. செத்த பிறகு 4 லட்சம் தருகிற அரசு, உயிரோடு இருக்கும்போது ஒரு வாளி சுண்ணாம்பு ஏன் தரக் கூடாது? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். நல்லது. சொல்லை எடுத்தாயிற்று, தளத்தின் சூட்டை எப்போது எடுப்பீர்கள்?

ஆகவே நம் கோரிக்கையைத் தெளிவாக வைப்போம். அரசு கட்டும் ஒவ்வொரு வீட்டின் எஸ்டிமேட்டிலும் ஜல்லிச் சுண்ணாம்பும் தட்டோடும் இருக்க வேண்டும். ஏற்கெனவே கட்டிய மொட்டைத் தளங்களுக்கு அரசுச் செலவில் வெள்ளைப் பூச்சு வேண்டும். ஒருமுறை அடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிற வேலை ஆகாது. தூசு படிந்தால் வெள்ளை மங்கும், சுண்ணாம்பு மழையில் கரையும். கோடைக்கு முன்னால் திரும்ப அடித்தாக வேண்டும். அந்த வேலையைத் தெருவின் ஆண்களுக்கும் பெண்களுக்கும் முழுக் கூலியோடு கொடுக்க வேண்டும். சேவை, சிரமதானம் என்ற பெயரில் ஓசியில் வாங்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கச் சொல்லக் கூடாது. அந்தத் தூளில் புற்றுநோய் இருக்கிறது. அதற்குப் பூச்சு பரிகாரம் ஆகாது, ஷீட்டையே பாதுகாப்பாகக் கழற்றி மாற்ற வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். வருகிற சித்திரையில் ஒரு வெப்பமானி வாங்குங்கள். ராத்திரி பதினோரு மணிக்கு ஊர்த் தெருவில் தட்டோடு போட்ட ஒரு வீட்டுக்குள்ளும், சேரியில் மொட்டைத் தளத்துக்கு அடியிலும் அளந்து, தேதி போட்டு, பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கும் வித்தியாசத்தைக் கலெக்டர் ஆபீஸில் மனுவாகக் கொடுப்போம்.